எரியாத மூன்று வருஷம்

சீசன் தொடங்கி இருபதாவது நாள், மதுரையிலிருந்து வேனில் வந்திருந்த ஒரு அம்மாள் அருமைநாயகத்தின் எலுமிச்சைச் சோற்றில் ஒரு வாய் வைத்துவிட்டு, பொட்டலத்தை அப்படியே மடக்கிக் கொண்டுவந்து அவர் தள்ளுவண்டியின் மேல் வைத்தாள்.

"அண்ணே, இது சோறா, ஊறுகாயா?"

பதில் சொல்வதற்கு அருமைநாயகம் ஒருநாளும் யோசித்ததில்லை. யோசித்திருந்தால் ஆயுசில் பாதி வம்பு குறைந்திருக்கும். "தாயி, ஐந்தருவியில தல நனைச்சா நாக்கு நாலு மடங்கு கூராயிரும். சோறு அதே சோறுதான். நாக்குதான் மாறிட்டு" என்றார்.

அந்த அம்மாள் சிரிக்கவுமில்லை, சண்டைக்கும் வரவில்லை. ஈரத்தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு, எதிரே பஜ்ஜிக் கடைக்குப் போய்விட்டாள். அதுதான் அவருக்கு உறைத்தது. அருவியில் நின்றுவிட்டுக் குளிரில் பல் கிட்டித்து வருகிறவனுக்குக் கல்லைக் கொடுத்தாலும் கடிப்பான். குற்றாலத்தில் சோறு விற்கிறவனுக்கு அந்தப் பசிதான் பாதி மசாலா. அப்படிப்பட்ட பசியே மடக்கி வைத்துவிட்டுப் போகிறதென்றால், கோளாறு எங்கேயோ இருக்கிறது. அந்த வாரத்தில் இது மூன்றாவது பொட்டலம்.

ஐந்தருவிக்குப் போகிற பாதையில், கார் நிறுத்துமிடத்தை ஒட்டி நீலத் தார்ப்பாய் கட்டிய தள்ளுவண்டி அவருடையது. வீடு மேலகரத்தில். விடியலில் மனைவி சுகிர்தம் சோற்றை வடித்து, வெள்ளைத் துணியில் கொட்டி, விசிறியைப் போட்டு ஆறவைப்பாள். நல்லெண்ணெயில் கடுகும் கடலைப்பருப்பும் நிலக்கடலையும் வத்தலும் கருவேப்பிலையும் தாளித்து வைப்பாள். அதுவரைக்கும்தான் அவள் எல்லை. புளியங்குடி எலுமிச்சையைப் பிழிவதும், உப்பும் மஞ்சளும் சேர்ப்பதும், உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பதும் அவர் வேலை. சோறு சூடாக இருக்கையில் பிழிந்தால் கசந்துவிடும். ரொம்ப ஆறிவிட்டால் சாறு ஏறாது. "புளிப்பு முன்னால வரணும். உப்பு பின்னால வரணும். காரம் அவன் வண்டியேறி ஊரு போனப்புறம் வரணும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தச் சாற்றுக் கிண்ணத்தைத் தொட அவர் சுகிர்தத்தை விட்டதில்லை. அவளுக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. சொல்லிக்கொண்டதில்லை.

மறுநாள் விடியலில் அவள் கிண்ணத்தோடு வந்து நின்றாள். "கைய நீட்டுங்க."

உள்ளங்கையில் விட்டதை அவர் நக்கினார். கண்ணை மூடி, கோயிலில் நிற்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு பழம் தாங்கும்" என்றார்.

"இது வெறும் சாறு."

"என்னது?"

"தண்ணி சேக்கல, உப்பு சேக்கல. பழத்தப் புழிஞ்சி அப்பிடியே குடுத்தேன். நாக்க நீட்டுங்க பாப்போம்."

நீட்டினார். ஒரு சொரசொரப்பு இல்லாமல், சிமெண்டுத் தரைக்குச் சிவப்புப் பாலிஷ் போட்டதுபோல வழவழவென்று இருந்தது.

"போன வாரம் ஒத்தச் செருப்போட வீட்டுக்கு வந்தீய. மத்தச் செருப்பு எங்கன உளுந்துச்சின்னே தெரியலன்னு சிரிச்சீய. கால் மரத்துப் போகுதுன்னு நாலு மாசமா சொல்லுதீய. மாடிப்படி நாலு ஏறுனா மூச்சு வாங்குது. மொகம் வெளுத்துக் கெடக்கு. நான் என்ன, குருடியா?"

"வயசாகுதுட்டி."

"வயசு எனக்கும்தான் ஆகுது. என் செருப்பு என் காலுலதான் கெடக்கு."

"ஏட்டி, இருவது வருஷ எரிச்சலையே அருவியில கழுவி உட்டவன் நான். இது என்ன பெரிய..."

அந்தப் பேச்சை எடுத்துவிட்டால் அவரை நிறுத்த முடியாது. சுகிர்தம் கிண்ணத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எரிச்சல் உண்மைதான். முப்பது வயதிலிருந்து அவருக்கு நெஞ்சுக்குழியில் ஒரு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சட்டைப் பையில் பேனா இல்லாத நாள் உண்டு, கேஸ் மாத்திரை இல்லாத நாள் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சீசனில், யாரோ சொல்லி, நாற்பத்தியொரு நாள் விடாமல் ஐந்தருவியில் நின்றார். வெறும் வயிற்றோடு, விடிந்ததும், இடமிருந்து இரண்டாவது அருவி. வெள்ளம் வந்து போலீஸ் விசிலடித்து ஆளைத் துரத்துகிற நாளில் கீழே ஓடையிலாவது முங்கிவிடுவார். நாற்பத்தியொன்றாம் நாள் எரிச்சல் இல்லை. மறுநாளும் இல்லை. அப்புறம் வரவேயில்லை. மாத்திரையைத் தூக்கி ஓடையில் போட்டார்.

அன்றிலிருந்து, வயிற்றைத் தடவிக்கொண்டு வருகிற எவனும் அவர் வண்டியைத் தாண்டிப் போக முடியாது. சோறு ஒரு பொட்டலம், வைத்தியம் இலவசம். அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் அவருக்கு 'டாக்டர்' என்று பேர் வைத்தார்கள். கேலி என்று தெரிந்தேதான் அதை ஏற்றுக்கொண்டார். கேலியில் பாதி மரியாதை இருக்கிறது என்பது அவர் கணக்கு.

அவருடைய கடைசி நோயாளி அகமது கபீர். எதிர்ப்பக்கம் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்திருக்கிற பழக்கடைக்காரன். அவரைவிடப் பத்து வயது இளையவன். பசித்தால் அவனுக்கு வயிறு எரியும். ஏதாவது தின்றால் அடங்கும். சீசன் தொடங்கிய அன்று காலையில், தென்காசிக்கு டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று பஸ் படியில் ஒரு காலை வைத்தவனை, கையைப் பிடித்து இறக்கியவர் அருமைநாயகம்தான். "டாக்டரு உனக்கு மாத்திரை குடுப்பான், மாத்திரைக்கு ஒரு மாத்திரை குடுப்பான். என்னப் பாருலே. என் வயித்தப் பாரு" என்றார். பஸ் போய்விட்டது. கபீர் துண்டை எடுத்துக்கொண்டு அருவிக்குப் போனான்.

இருபத்தைந்தாம் நாள் அவன் வண்டிக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணாச்சி, ஒரு சங்கதி. ரெண்டு நாளா வெளிய போறது கறுப்பா போகுது. தார் மாதிரி. உங்களுக்கும் அப்பிடிப் போச்சா?"

அவருக்கு அப்படிப் போனதில்லை. ஆனால் தெரியாது என்று சொன்னால் டாக்டர் பட்டம் என்னாவது? "கழிவுலே. இருவது வருஷக் கசடு எறங்குது. நல்லதுதான். நிறுத்திராத" என்றார். கபீர் தலையை ஆட்டிக்கொண்டு போனான். அவன் முகமும் அன்று வெளிறித்தான் இருந்தது. சாரல் வெளிச்சத்தில் எல்லாரும் வெளிறித்தான் தெரிவார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சுகிர்தம் சொல்லோடு விடவில்லை. ரத்தப் பரிசோதனை, பிறகு இருபத்தியேழாம் நாள் காலையில் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற சோதனை. தென்காசியில் டாக்டர் ஜன்னத்தின் ஆஸ்பத்திரி. கடையநல்லூர்க்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும். குழாயை வெளியே எடுத்து, ஒரு மணி நேரம் கழித்துப் புருஷன் பெண்டாட்டி இருவரையும் உள்ளே கூப்பிட்டாள்.

"அண்ணாச்சிக்கு முன்னால வயித்தெரிச்சல் உண்டோ?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார். தொண்டையில் அடித்த மருந்தின் மரமரப்பு தீராமலே, இடமிருந்து இரண்டாவது அருவி முதல் ஓடையில் போட்ட மாத்திரைவரை முழுக்கச் சொன்னார். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவர் கதையைக் கடைசிவரை கேட்ட முதல் டாக்டர் அவள்தான்.

"எரிச்சல் நின்னு எத்தனை வருஷம்?"

"மூணு."

"சாப்பாட்டுல புளிப்பு, உப்பு தெரியாமப் போனது?"

"அது ஒரு... ஒண்ணரை வருஷம் இருக்கும்மா."

டாக்டர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினாள். "இது உங்க வயித்தோட மேல்பாகம். இங்கனதான் அமிலம் சுரக்கும். நல்ல வயிறா இருந்தா தடிப்பா, மடிப்பு மடிப்பா, செவந்து இருக்கணும். இங்க பாருங்க, மடிப்பே இல்ல. வெளுத்து, மெலிஞ்சி, அடியில ஓடுத ரத்தக்குழாய் வெளிய தெரியுது."

அருமைநாயகம் பார்த்தார். பங்குனி வெயிலில் ஐந்தருவி வற்றிக் கிடக்கும்போது பாறை இப்படித்தான் இருக்கும். தண்ணீர் விழுந்த தடம் மட்டும் தெரியும்.

"இது கிருமியோட வேலை" என்று அவள் ஒரு சின்ன பிளாஸ்டிக் வில்லையை எடுத்துக் காட்டினாள். அதன் நடுவில் குன்றிமணி அளவுக்கு ரோஸ் நிறம். "மஞ்சளா இருந்தது. உங்க வயித்துலருந்து கிள்ளுன சதையைப் போட்டதும் நெறம் மாறிட்டு. கிருமி இருக்குன்னு அர்த்தம்."

"அமிலத்துல கிருமி எப்பிடிம்மா பொழைக்கும்? எலுமிச்சம்பழச் சாத்துல ஈ கூட உக்காராது."

"இது தன்னச் சுத்தி ஒரு காரத்த உண்டாக்கிக்கிடும். அமிலம் அது மேல படாது."

"அருவிக்குள்ள ரெயின்கோட்டு போட்டுட்டு நிக்கவன் மாதிரி."

டாக்டர் சிரித்துவிட்டாள். சுகிர்தம் சிரிக்கவில்லை. "நீங்க செத்த நேரம் சும்மா இருக்கியளா" என்றாள்.

"சின்ன வயசுலயே வந்திருக்கும்" என்றாள் டாக்டர். "ஒரே வீட்ல ஒருத்தர்ட்டருந்து ஒருத்தருக்குத் தொத்தும். அம்மா, நீங்களும் ஒரு டெஸ்ட் எடுக்கணும். அது வருஷக்கணக்கா இருந்து வயித்துத் தோலப் புண்ணாக்கிப் புண்ணாக்கி, அமிலம் சுரக்க சுரப்பியெல்லாம் பட்டுப்போச்சி. நாம தின்னுத சாப்பாட்டுலருந்து பி-12 சத்த எடுத்துக் குடுக்கதும் இந்தச் சுரப்பிங்கதான். அது போயி, ரத்தம் கொறஞ்சி, நாக்கு வழுக்கையாயி, காலு மரத்துப் போகுது. இன்னொண்ணு, வயித்துத் தோலு இருக்க வேண்டிய எடத்துல அங்கங்க குடலோட தோலு மாதிரி மொளச்சிருக்கோன்னு எனக்குச் சந்தேகம். அதான் நாலு எடத்துல சதை எடுத்து அனுப்பியிருக்கேன்."

"அப்பம் அருவி?" என்றார் அருமைநாயகம். குரல் தானாகத் தணிந்திருந்தது.

"அருவி என்ன பண்ணும் அண்ணாச்சி? அது நல்லதும் பண்ணல, கெட்டதும் பண்ணல. எரிக்கதுக்கு அமிலம் இல்லாமப் போச்சி. அதான் எரியல. நீங்க குளிச்ச நேரமும் அது அடங்குன நேரமும் ஒண்ணாயிட்டு."

சுகிர்தம் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே, அவர் கேட்கப் பயந்ததைக் கேட்டாள். "புத்துநோயா டாக்டரம்மா?"

"கண்ணுக்கு அப்பிடி ஒண்ணும் தெரியல. ஆனா ரிசல்ட் வரணும், பத்து நாளாகும். இப்பிடிப்பட்ட வயித்துல அது வர வாய்ப்பு மத்தவங்களவிடக் கூட. பொய் சொல்ல மாட்டேன். கிருமிய மொதல்ல ஒழிப்போம், ஊசி போடுவோம், பாத்துக்கிட்டே இருப்போம்."

"எரிச்சல் இருக்கையிலயே வந்திருந்தா?"

"ரெண்டு வார மாத்திரையில முடிஞ்சிருக்கலாம்." டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே பேசினாள். "இதே கிருமி ஆளுக்கு ஒரு மாதிரி பண்ணும். மேல பரவுனா உங்கள மாதிரி அமிலம் செத்துப்போகும். வயித்தோட கீழ்வாசல்ல மட்டும் குடியிருந்தா நேர்மாறு. அமிலம் கூடிப்போயி, சிறுகுடல் தொடக்கத்துல புண்ணு வரும். வெறும் வயித்துல எரியும், தின்னா அடங்கும். அப்பிடி யாரும் உங்க வண்டிப் பக்கம் வந்தா அருவிக்கு அனுப்பாதீய, இங்க அனுப்புங்க. புண்ணுல ரத்தம் கசிஞ்சா வெளிய போறது கறுப்பா, தார் மாதிரி போகும். அப்பிடின்னா ஒரு நாள் கூடத் தாங்கக் கூடாது."

அதற்கப்புறம் டாக்டர் சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை. எப்போது மாத்திரை, எப்போது ஊசி எல்லாம் சுகிர்தம்தான் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்து அவள் மருந்துக்கு வரிசையில் நிற்கையில், "நீ வாங்கிட்டு வா. நான் முன்னால போறேன்" என்றார்.

"எங்க போறீய? இந்த நேரத்துல என்னை விட்டுட்டு எங்க ஓடுதீய?"

அவள் கண் நிறைந்திருந்தது. தன் வயிற்றை நினைத்துப் பயந்து ஓடுகிறார் என்று நினைத்தாள். அவருக்கு அந்த நேரம் தன் வயிறு ஞாபகத்திலேயே இல்லை. அதைச் சொல்லலாம்தான். சொன்னால், கறுப்பாகப் போனதை நல்லது என்று சொன்ன கதையையும் சொல்லவேண்டும். "கபீரு" என்று மட்டும் சொல்லிவிட்டு, நகரத் தொடங்கிய மினி பஸ்ஸில் ஏறினார்.

பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆளுக்காக நின்றது. எழுந்து டிரைவரிடம் போய், "கொஞ்சம் வெரசா போங்க தம்பி" என்றார். "ஐயா, அருவி எங்கயும் ஓடிராது" என்றான் அவன். வேறு நாளாக இருந்தால் அதற்கு ஒரு பதில் சொல்லியிருப்பார்.

பழக்கடையில் கபீரின் மனைவி மட்டும் இருந்தாள். "அவிய அருவிக்குப் போயிட்டாவ. காலையில எந்திக்க முடியலன்னு படுத்துக் கெடந்தாவ. விட்டுட்டா மறுபடி ஒண்ணுலருந்து எண்ணணும்னு நீங்க சொன்னியளாமே."

சொன்னதுதான். அந்த விதியை அவரேதான் உண்டாக்கினார். அவருக்கு யாரும் சொன்னதில்லை. நாற்பத்தியொரு நாள் என்றால் கொஞ்சம் கண்டிப்பு இருந்தால்தான் மதிப்பு என்று சேர்த்துக்கொண்டது.

அருவிப் படியில் கூட்டம். இரைச்சலில் ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குக் கேட்காது. வரிசையில் பத்தாவது ஆளாக, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்துக் கபீர் நின்றான். உதடு காகிதம்போல இருந்தது.

"கபீரு, வெளிய வா."

"ஆங்?"

"வெளிய வாலே. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"இன்னும் பதினாலு நாளுதான் அண்ணாச்சி" என்று அவன் சிரிக்கப் பார்த்தான். "வரிசை வந்துட்டு. நின்னுட்டு வாரேன்."

"கறுப்பாப் போகுதுல்லா, அது ரத்தம். உள்ள புண்ணுலருந்து ரத்தம் வடியுது. நான் சொன்னது பொய். வா."

"என்ன சொல்லுதீய? உங்களுக்குக் குணமாச்சே. நான் கண்ணால பாத்தேன்லா."

"குணமாகலலே!" அருவிச் சத்தத்துக்கு மேலே போகவேண்டும் என்று கத்தினார். எண்ணெய் தேய்க்கிறவர்கள், வரிசையில் நின்றவர்கள், விசிலோடு நின்ற போலீஸ்காரர், எல்லாரும் திரும்பினார்கள். "எனக்குக் குணமாகல. உள்ள எல்லாம் பட்டுப்போச்சி. எரியதுக்கு மிச்சம் ஒண்ணுமில்ல, அதான் எரியல. அடுப்பு அணைஞ்சதப் பாத்துட்டு சோறு வெந்துட்டுன்னு மூணு வருஷமா ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். வாலே, உன் கால்ல விழுதேன்."

யாரும் சிரிக்கவில்லை. கபீர் அவரைப் பார்த்தான். பார்வை அவர் முகத்தில் நிற்காமல் நழுவி, காலில் போய் நின்றது. "அண்ணாச்சி, ஒத்தச் செருப்போட வந்திருக்கீய" என்றான். சொல்லிக்கொண்டே கம்பியை விட்டுச் சரிந்தான்.

எண்ணெய் தேய்க்கிறவர்களில் இரண்டு பேர் அவனைத் தூக்கினார்கள். எண்ணெய்க் கைக்கு அவன் உடம்பு வழுக்கியது. அருமைநாயகம் அவன் காலைப் பிடித்துக்கொண்டு ஓடினார். தரை எங்கே இருக்கிறது என்று பாதத்துக்குத் தெரியவில்லை. ஆனாலும் அன்று அவர் விழவில்லை. ஆட்டோவில் கபீரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் சொன்னார். தெரியாததற்கு, கபீரின் வாய் முணுமுணுத்ததையே தானும் சேர்ந்து முணுமுணுத்தார்.

நாலு பாட்டில் ரத்தம் ஏறியது. சிறுகுடல் வாசலில் இருந்த புண்ணில் ரத்தம் வடிந்த குழாயைக் கிளிப் போட்டு அடைத்ததாக டாக்டர் ஜன்னத் வந்து சொன்னாள். அதே வில்லை, அதே ரோஸ் நிறம். "இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா" என்று தொடங்கினவள், எதிரே நின்ற மனிதரின் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

கபீரின் மனைவி அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. சுகிர்தம் கொண்டுபோன கஞ்சியை மட்டும் வாங்கிக்கொண்டாள். மூன்றாம் நாள், அவள் பாத்திரம் கழுவப் போன நேரத்தில் அருமைநாயகம் கட்டில் பக்கம் போய் நின்றார். கபீர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அன்னைக்கு பஸ்ஸு வந்துச்சுல்லா அண்ணாச்சி."

"வந்துச்சி."

"நான் கால வச்சிட்டேன்."

"ஆமா."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசலுக்கு வந்து நெடுநேரம் நின்றார். கோயில் கோபுரத்துப் பக்கமிருந்து வந்த காற்று சட்டையைப் பறித்தது. சட்டைப் பையில் கை போனது. பழைய பழக்கம். மாத்திரையைத் தேடுகிற கை. நெஞ்சுக்குழியில் ஒன்றும் எரியவில்லை. இத்தனைக்குப் பிறகும் எரியாத வயிறு என்ன வயிறு என்று நினைத்துக்கொண்டார்.

பத்தாம் நாள் அவருடைய சதைச் சோதனையின் முடிவு வந்தது. புற்று இல்லை. டாக்டர் சந்தேகப்பட்டது சரிதான். இரண்டு இடத்தில் வயிற்றுத் தோல் குடலின் தோலாக மாறியிருந்தது. "கிருமி போயிட்டா மேற்கொண்டு கெடுறது கொறையும். போன சுரப்பி எல்லாம் திரும்பி வரும்னு நான் சொல்ல மாட்டேன். செலருக்குக் கொஞ்சம் வரும். உயிரோட மிச்சமிருக்கது முழிச்சிக்கிடும். செலருக்கு வராது. என்னவானாலும் அடுத்தடுத்து குழாய் விட்டுப் பாக்கணும், தப்பக் கூடாது" என்றாள். சுகிர்தம் நாற்காலியிலேயே தலை குனிந்து ஜெபித்தாள். அவளுடைய சோதனையிலும் கிருமி இருந்தது. "கல்யாணத்துக்கு மோதிரம் போட்டேன். இதையும் நாந்தான் போட்டேன் போல" என்றார் அவர். "என்னுதுதான் உங்களுக்கு வந்ததோ என்னமோ, யாரு கண்டா" என்றாள் அவள். பத்து நாளைக்குப் பிறகு அவள் பேசிய நல்ல பேச்சு அது.

பதினான்கு நாள் மாத்திரை. வாயெல்லாம் இரும்பைச் சப்பியதுபோலக் கசந்தது. பாதியில் விட்டால் கிருமி முரண்டு பிடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். எதிர்க்கடையில் கபீருக்கும் அதே மாத்திரை, அதே பதினான்கு நாள். காலை எட்டு மணிக்கு அருமைநாயகம் தண்ணீர்ச் செம்பைத் தூக்கும்போது, பாதைக்கு அந்தப் பக்கம் கபீரும் தூக்குவான். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளாமல் விழுங்குவார்கள். விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணவேண்டும் என்கிற விதி இந்தத் தடவை யாரும் சொல்லாமலே நடந்தது.

வயிற்றைத் தடவிக்கொண்டு யாராவது வண்டிக்கு வந்தால், "தென்காசிக்குப் பஸ் அங்கன நிக்கும்" என்று கையைக் காட்டுவார். வேறு ஒரு வார்த்தை இல்லை. எண்ணெய் தேய்க்கிறவர்கள் இப்போது அவரை டாக்டர் என்று கூப்பிடுவதில்லை. கூப்பிட்டிருந்தால் தேவலாம் என்று அவருக்கு இருந்தது.

சாற்றுக் கிண்ணம் சுகிர்தத்திடம் போய்விட்டது. அவர் பிழிவார், அவள் நக்கிப் பார்த்துச் சொல்லுவாள். அவள் கை இரண்டு பழம் குறைச்சல். பொட்டலம் ஒன்றும் திரும்பி வரவில்லை. முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று ஒருத்தன் வந்து சொல்லிவிட்டே போனான். இருபத்திரண்டு வருஷத்து மனத்தாங்கலுக்கு அவள் ஒரு சிரிப்பு சிரித்தாள். மூக்குக்குக் கீழே மட்டும் சிரிக்கிற சிரிப்பு.

மங்குஸ்தான் தீர்ந்து, சீசன் முடிந்து, கடைகள் பாதி மூடிக் கிடந்து, கார்த்திகை பிறந்தது. மாலை போட்ட ஐயப்பமார்கள் வேன் வேனாக வந்து இறங்கத் தொடங்கினார்கள். சத்து ஊசிக்கு அருமைநாயகத்தின் நாக்கு கொஞ்சம் கொஞ்சமாக உயிர் பெற்றிருந்தது. கபீரின் கடையில் இப்போது ஆரஞ்சும் நேந்திரமும். அவனுக்கு எரிச்சல் இல்லை. நிஜமாகவே இல்லை, கிருமி போய்விட்டது என்று டாக்டர் மூச்சை ஊதச் சொல்லிச் சோதித்து உறுதிப்படுத்தியிருந்தாள். அவருக்கும் போயிருந்தது. அதைப்பற்றியும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. "சில்லறை இருக்கா", "இருக்கு" என்கிற அளவில் நின்றது நாலு மாதப் பேச்சு.

ஒரு நாள் மத்தியானம் கூட்டம் வடிந்த நேரம். அடியில் கிடந்த சோற்றை வழித்து, மிச்சமிருந்த சாற்றையும் அதிலேயே ஊற்றி, வத்தலோடு தின்றுவிட்டு அருமைநாயகம் பெஞ்சில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குழியில் ஏதோ அசைந்தது. எழுந்து உட்கார்ந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தார். அடியிலிருந்து மெல்ல ஏறி, எலும்புக்குப் பின்னால் வந்து நின்று, சுருக்கென்றது. பழைய ஆள். இருபது வருஷம் கூடவே குடியிருந்தவனைக் காலடி ஓசையில் தெரியாதா? ஆனால் இப்போது, பூனைக்குட்டி பிறாண்டுகிற அளவுக்கு ஒரு சின்னஞ்சிறு எரிச்சல்.

கண்ணில் நீர் வந்துவிட்டது. சுகிர்தம் வீட்டுக்குப் போயிருந்தாள். வேறு யாரிடம் சொல்ல? பாதையின் நடுவுக்கே வந்துவிட்டார்.

"லே கபீரு! எரியுதுலே! எனக்கு எரியுதுலே!"

ஆரஞ்சு அடுக்கிக்கொண்டிருந்த கபீர் நிமிர்ந்தான். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வழியோரத்தில் ஐயப்பமார்கள் பார்க்க, எரிகிறது எரிகிறது என்று சிரிக்கிற மனிதரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அவன் சிரிக்கவில்லை. தராசை ஓரமாக வைத்தான். மனைவியிடம் ஏதோ சொன்னான். பாதையைக் கடந்து வந்தான்.

"எங்கன எரியுது?"

"இங்கன. நடுவுல. நல்ல எரிச்சல்டே, டாக்டரம்மா சொன்னாள்லா, மிச்சமிருக்கது முழிச்சிக்கிடும்னு..."

"அத அவிய பாத்துச் சொல்லட்டும்."

"நாளைக்குப் போலாம்லே. வண்டி கெடக்கு, பாத்திரம் கழுவல..."

ஐந்தருவி திருப்பத்தில் தென்காசி பஸ் வந்துகொண்டிருந்தது. கபீர் ஒரு கையை நீட்டி அதை நிறுத்தினான். மறுகையால் அருமைநாயகத்தின் மணிக்கட்டைப் பிடித்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் தன்னை அவர் எங்கே பிடித்து இறக்கினாரோ, அதே இடத்தில், அதே பிடி.

"ஏறுங்க" என்றான். அவர் காலைப் பார்த்தான். இரண்டு செருப்பும் இருந்தன. பின்னாலேயே அவனும் ஏறிக்கொண்டான்.